வாசிகசாலை மண்டபத்தில் புற ஊதா விளக்குப் பொருத்தலாமா?

கேள்வி: எங்கள் கிராம வாசிகசாலை மண்டபத்தில் காலையில் முதியவர்கள் பத்திரிகை வாசிக்கிறார்கள், மாலையில் சாதாரண தர மாணவர்கள் அறுபது பேர் வரை வகுப்புக்கு வருகிறார்கள். மாரி காலத்தில் ஒருவருக்குத் தடிமன், காய்ச்சல் வந்தால் ஒரு கிழமைக்குள் பாதிப் பேருக்கு வந்துவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவர்கள், வைரசுகளைக் கொல்லும் புற ஊதா விளக்கு வாங்கப் பணம் அனுப்ப முன்வந்துள்ளார்கள். விற்பனையாளர் ஒருவர் சுவரில் பூட்டும் குழல் விளக்குகளையும், மேசை, கதிரை, கைகளுக்கு மேலாகப் பிடிக்கும் சிறிய கருவியையும் காட்டினார். வாங்கலாமா? மூன்று கிழமையாக இருமிக்கொண்டே வாசிக்க வரும் ஒரு பெரியவரை நினைத்தும் பயமாக இருக்கிறது.
நிர்வாக சபைச் செயலாளர், களுவாஞ்சிகுடி

பதில்: அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு, அந்த விற்பனையாளர் காட்டிய இரண்டையும் வாங்க வேண்டாம். புற ஊதா ஒளி வைரசுகளை அழிக்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மண்டபத்தில் நோய் பரவும் நேரத்தில் அந்த விளக்கை எரிக்க முடியாது; எரிக்கக்கூடிய நேரத்தில் அங்கே நோய் பரவுவதற்கு ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

புற ஊதாக் கதிரில் மூன்று வகை உண்டு. சூரியனிலிருந்து நம்மிடம் வந்து சேர்பவை ஏ வகையும் ஓரளவு பி வகையும் மாத்திரமே. 100 முதல் 280 நானோமீற்றர் வரை அலைநீளமுள்ள சி வகையை வளிமண்டலம் முழுவதுமாகத் தடுத்துவிடுவதால், அதை விளக்கைக் கொண்டுதான் உண்டாக்க வேண்டும். கிருமிநீக்கத்துக்குப் பயன்படும் பாதரச விளக்கு 254 நானோமீற்றர் ஒளியைத் தருகிறது. வைரசின் மரபுப் பொருள் இந்த அலைநீளத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அதன் கண்ணிகள் பிழையாகப் பிணைந்து, அந்த வைரசால் பிறகு பெருக முடியாமல் போகும். கொரோனா, இன்புளுவென்சா போன்ற வைரசுகள் இந்த ஒளிக்கு எளிதில் மடிபவை. எனவே விற்பனையாளர் காட்டும் ஆய்வுகூடச் சான்றிதழ் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆய்வுகூடத் தட்டில் ஒளி நேராக விழுகிறது; மண்டபத்திலோ மேசையின் அடிப்பக்கத்திலும் கதிரையின் பின்புறத்திலும் நிழல் விழுகிறது, நிழலில் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. விளக்கிலிருந்து விலக விலக ஒளியின் வலுவும் விரைவாகக் குறைகிறது. குழலில் தூசி படிந்தாலும் அப்படித்தான்.

இதைவிட முக்கியமானது, தடிமனும் இன்புளுவென்சாவும் கொரோனாவும் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரின் மூச்சிலும் பேச்சிலும் இருமலிலும் இருந்து, அதே வேளையில், அதே காற்றின் வழியாக வருகின்றன என்பதாகும். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வெறும் மண்டபத்தில் விளக்கை எரித்தால், மறுநாள் மாலை அறுபது பிள்ளைகள் வந்து இருமும்போது அது எந்த உதவியும் செய்யாது. மேசையையும் கதவுப் பிடியையும் துடைக்கச் சவர்க்காரத் தண்ணீரே போதும்.

ஆட்கள் இருக்கும்போதே பயன்படுத்தக்கூடிய ஒரு முறை இருக்கிறது. அது புதியதும் அல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியாப் பகுதிப் பாடசாலைகள் சிலவற்றில் வில்லியம் வெல்ஸ் என்பவர் 1937 முதல் வகுப்பறைகளின் மேற்பகுதியில் மட்டும் ஒளி பரவும்படி விளக்குகளைப் பொருத்தினார். 1941இல் சின்னமுத்து பரவியபோது அந்த வகுப்பறைகளில் தொற்றியவர்கள் குறைவாக இருந்தார்கள். வேறு இடங்களில் இதே முறையைச் செய்து பார்த்தபோது அப்படிப்பட்ட பலன் கிடைக்கவில்லை. பிள்ளைகள் பாடசாலை பஸ்ஸிலும் வெளியிலும் நெருங்கிப் பழகியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உங்கள் மாணவர்களும் ஒரே முச்சக்கரவண்டியில் நெருக்கி வந்து, ஒரே கடையில் கூடி நிற்பவர்கள்தான் என்பதை நிர்வாக சபை மறக்கக் கூடாது. கசநோயைப் பொறுத்தவரை சான்று கூடுதல் உறுதியானது. 1950களில் பால்ற்றிமோர் நகர வைத்தியசாலை ஒன்றில் கசநோயாளிகளின் அறைக் காற்றைக் கினிப்பன்றிகள் இருந்த கூடத்துக்குச் செலுத்திப் பார்த்தபோது, புற ஊதா ஒளிபட்ட காற்றைச் சுவாசித்தவை காக்கப்பட்டன. அறையின் மேற்பகுதியில் பொருத்தும் இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் கசநோய்த் தொற்றுத் தடுப்புக்குப் பரிந்துரைத்துள்ளது.

ஆனால் அதற்கு உரிய நிபந்தனைகள் பல. விளக்கு ஏறத்தாழ ஏழு அடிக்கு மேலே, ஒளி கீழே சிந்தாதவாறு தகடுகள் கொண்ட பெட்டிக்குள் இருக்க வேண்டும்; கூரையின் உட்பக்கம் அலுமினியத் தகடு போல ஒளியைத் தெறிக்கச் செய்வதாக இருக்கக் கூடாது; கீழ்க்காற்று மேலே போய் வரும்படி மின்விசிறி சுழல வேண்டும்; பொருத்திய பிறகு ஆட்கள் இருக்கும் உயரத்தில் கதிரின் அளவைக் கருவியால் அளந்து பார்க்க வேண்டும். காற்றில் ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டினால் இந்த ஒளியின் திறன் குறையத் தொடங்கும். வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் எழுவான்கரை ஊர்களில் மார்கழி மழைக்கால ஈரப்பதன் அதை மிகச் சாதாரணமாகத் தாண்டிவிடும். நோய் கூடும் பருவமும் அதுவேதான். அளவுக் கருவியும் பயிற்சி பெற்றவரும் இல்லாத ஒரு கிராம மண்டபத்துக்கு, நல்லதென்றாலும் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைத்தியசாலையின் மார்பு நோய்ப் பிரிவுக்கு என்றால் என் பதில் வேறு.

மூடியில்லாத குழல் விளக்கின் ஆபத்தைச் சபையில் எல்லோருக்கும் சொல்லுங்கள். 254 நானோமீற்றர் ஒளியில் எட்டு மணி நேரத்துக்குள் ஒருவர் மேல் படக்கூடிய உச்ச அளவு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 6 மில்லியூல். சாதாரண 36 வாற்று கிருமிநீக்கி விளக்கின் முன் ஒரு மீற்றர் தூரத்தில் நின்றால் அந்த அளவு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எட்டப்பட்டுவிடும். படும்போது வலி தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணுக்குள் மண் கொட்டியதுபோல உறுத்தி, நீர் வழிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போகும். கண்ணாடி போடாமல் வெல்டிங் செய்பவர்களுக்கு வருவதும் இதுவே. பொதுவாக ஓரிரண்டு நாளில் ஆறிவிடும் என்றாலும், அந்த வேதனையில் கண்ணுக்குத் தாய்ப்பாலோ தேனோ விடுவதும், கடையில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி விடுவதும் புண்ணைப் பெருக்கும். குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மேல் வைத்து, பரசிற்றமோல் எடுத்துக்கொண்டு, தாமதமின்றி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கண் பிரிவுக்கோ போக வேண்டும். தோலில் பட்டால் வெயில் சுட்டதுபோல் சிவந்து எரியும். நீல ஒளி அழகாகத் தெரிகிறதே என்று பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பதே எனக்குப் பெரிய கவலை. சில விளக்குகள் ஓசோன் வாயுவையும் வெளியிடும். மூடிய அறையில் அது முட்டுக்காரர்களுக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

கையில் பிடிக்கும் கருவி வேண்டவே வேண்டாம். கைகளையோ தோலின் வேறு பாகங்களையோ இந்த விளக்கால் கிருமிநீக்கம் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நீல நிறம் கிருமியைக் கொல்லும் ஒளி அல்ல. சி வகை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மலிவான கருவியில் அந்த ஒளி இருக்கிறதா இல்லையா என்பதை வாங்குபவர் கண்ணால் பார்த்து அறிய வழியே இல்லை. 222 நானோமீற்றர் ஒளி தரும் புதிய விளக்குகள் தோலின் இறந்த மேற்படலத்தைத் தாண்டி உள்ளே போவதில்லை என்பதால் நம்பிக்கை அளிக்கின்றன. ஆனால் அவை விலை கூடியவை, ஓசோனையும் சிறிது உண்டாக்குபவை. நீண்டகாலப் பாதுகாப்புப் பற்றிய ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஊரவர்களின் பணத்தைக் காற்றுக்குச் செலவழியுங்கள். ஆளொருவருக்கு விநாடிக்கு 10 லீற்றர் வெளிக்காற்று வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த அளவு. அறுபது பேருக்கு அது மணிக்கு 2160 கனமீற்றர் ஆகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்தாலே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். மாரியில் சாரல் அடிக்கிறது என்று எல்லா யன்னல்களையும் சாத்துவதால்தான் நோய் பெருகுகிறது. ஆகவே கூரைத் தாழ்வாரத்தை மழை உள்ளே அடிக்காதபடி நீட்டி, சுவரின் மேற்பகுதியில் காற்றுத் துவாரங்கள் வைத்து, ஒரு பக்கச் சுவரில் எக்சோஸ்ட் ஃபேன் பூட்டுங்கள். மணிக்கு எத்தனை கனமீற்றர் காற்றைத் தள்ளும் என்பதைக் கேட்டு, எத்தனை ஃபேன் வேண்டும் என்று கணக்கிடலாம். நாம் வெளிவிடும் மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதைக் காட்டும், காபனீரொட்சைட்டு அளக்கும் சிறிய கருவி ஒன்றை வாங்கி மேசையில் வைத்து, வகுப்பு நடக்கும்போது அதன் அளவு 800 பிபிஎம்மைத் (பத்து இலட்சத்தில் 800 பங்கு) தாண்டினால் இன்னொரு யன்னலைத் திறக்க மாணவர்களையே பழக்குங்கள். காய்ச்சல் உள்ள பிள்ளையை வீட்டில் நிறுத்துவதும், அவ்வாறு நின்ற பிள்ளைக்குத் தவறிய பாடத்தைத் தனியே தருவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். பரீட்சைக்குப் பயந்துதான் அவர்கள் காய்ச்சலோடு வருகிறார்கள். பாய், மெத்தை இருக்கைகளை வெயில் நாளில் முற்றத்தில் காயப் போடுங்கள், அங்கே சூரியனே வேண்டியதைச் செய்துவிடும்.

கடைசியாக அந்தப் பெரியவர். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் யாராக இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரச வைத்தியசாலையிலும் மார்பு நோய் சிகிச்சை நிலையத்திலும் அது இலவசம். கசநோய் என்று தெரிந்தால் ஆறு மாத மருந்தும் இலவசம், முழுமையாகக் குணமாகவும் கூடியது. மற்றவர்கள் முன் அவரை விலக்கி வைக்காமல், அவர் மதிக்கும் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பேசி, இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போகட்டும். பரிசோதனை முடிவு வரும் வரை முகக்கவசம் அணிந்து வெளி விறாந்தையில் இருந்து வாசிக்க அவருக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுங்கள்.