ஸ்ட்ரோம்போலி வீடியோவில் சத்தம் பிந்தி வருவது

கேமராவில் கோளாறு இல்லை. இத்தாலியின் ஸ்ட்ரோம்போலி எரிமலைத் தீவுக்கு அருகே, படகிலிருந்து போனில் எடுத்த வீடியோவில் தீப்பிழம்பு தெறித்து ஐந்து வினாடி கழித்துத்தான் 'டமார்' கேட்கிறது என்கிறீர்கள். அது அப்படித்தான் கேட்கும்.

காரணம் தூரம்தான். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், ஐந்து வினாடிக்கு 1,700 மீட்டர். எரிமலை வாய்கள் கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில், கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கின்றன. வாய்களிலிருந்து கடல்வரை இறங்கும் ஷாரா தெல் ஃபுவோகோ சரிவுக்கு எதிரே, கரையை விட்டுக் கொஞ்சம் விலகி நின்ற படகுக்கு இந்தக் கணக்கு ஒத்துவருகிறது.

சந்தேகம் தீரவில்லையா? அதே செட்டிங்கில், போனுக்கு ஒரு மீட்டர் முன்னால் கை தட்டிப் பதிவு செய்யுங்கள். சில நிமிடம் ஓடவிட்டு, கடைசியில் இன்னொரு தட்டு. இரண்டு இடத்திலும் கையும் சத்தமும் சேர்ந்தே வந்தால் போன் சரி. கடைசித் தட்டு மட்டும் பிந்தினால் ஒலிப்பதிவு காட்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. அது வேறு பிரச்சினை.

ஒன்று, இதை வைத்துத் தூரத்தை மீட்டர் சுத்தமாகச் சொல்ல முடியாது. பெரிய வாயுக் குமிழி வாய்க்குள்ளே, கற்குழம்பின் மேற்பரப்பில்தான் உடைகிறது. சத்தம் அப்போதே கிளம்பிவிடும். சிவந்த துண்டுகள் விளிம்புக்கு மேல் வந்து நம் கண்ணில் படுவது அதற்கு அப்புறம். அதனால் உண்மையான இடைவெளி நீங்கள் எண்ணியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். தவிர அங்கே வாய் ஒன்றல்ல, பல. படகும் அலையில் நகர்ந்திருக்கும். அடுத்த வெடிப்புக்கு நாலரை வினாடி வந்தால் குழம்ப வேண்டாம்.

எடிட் செய்யும்போது சத்தத்தை முன்னே இழுத்து ஒட்டிவிடாதீர்கள். பலர் அதைத்தான் செய்கிறார்கள், பார்க்கவே பொய்யாக இருக்கிறது.