ஆசிரியையின் பையில் கை வைத்த மாணவன்

கேள்வி: காரைக்குடிக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். சுற்றுலாவுக்காக மாணவர்களிடம் வசூலித்து, ஆசிரியர் அறையில் என் கைப்பைக்குள் வைத்திருந்த பணத்தில் 800 ரூபாய் காணாமற்போனது. எடுத்தவன் இன்னான் என்று இரண்டு மாணவிகள் தனியாக வந்து சொன்னார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். காவல் நிலையத்துக்கே போகலாம் என்கிறார் ஒருவர். பேசாமல் விட்டுவிட்டால் வகுப்பில் இனி யார் என்னை மதிப்பார்கள்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, பணம் போனதைவிட, தினமும் எதிரில் உட்கார்ந்து பாடம் கேட்கிற பிள்ளை இப்படிச் செய்துவிட்டானே என்பதுதான் உங்களை வருத்துகிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. பேசாமல் விடக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்துவதற்கு நான் உடன்பட மாட்டேன். இரண்டு மாணவிகளின் சொல் மட்டுமே கையில் இருக்கிறது. அது தவறாகிவிட்டால் அந்தப் பையனுக்கு நேர்ந்த அவமானத்தை யாராலும் துடைக்க முடியாது, சரியாகவே இருந்தாலும் ‘திருடன்’ என்ற பட்டப்பெயர் அவன் பள்ளியை விட்டுப் போகும்வரை கூடவே வரும், சொன்ன பெண்களும் பகைக்கு ஆளாவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 17ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதை மட்டுமன்றி, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது என்பதைச் சக ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

காவல் நிலையப் பேச்சும் வேண்டாம். 18 வயது நிறையாதவர்களுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே பொருந்தும். இத்தகைய சிறு குற்றத்துக்கு அவர்கள்மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவானதை முதல்முறை திருடிய பெரியவரே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை.

தலைமையாசிரியரை உடன் வைத்துக்கொண்டு, மாணவிகளின் பெயரைச் சொல்லாமல், அவனைத் தனியே அழைத்துக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால், எதற்காக எடுத்தான் என்பதைப் பொறுமையாகக் கேட்டறிவது மிக முக்கியம். கைபேசி விளையாட்டில் விட்ட பணமா, மூத்த பையன்களின் மிரட்டலா, நண்பர்கள் மத்தியில் துணிச்சலைக் காட்டவா, வீட்டில் கேட்கவே முடியாத ஒரு செலவா என்பதைப் பொறுத்தே அடுத்த நடவடிக்கை அமையும். நம் பகுதியில் தகப்பனார் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, அப்பத்தாவிடம் வளரும் பிள்ளைகள் பலர். அவனும் அப்படியென்றால், கேட்டவுடன் அடித்து நொறுக்காத பெரியவர் ஒருவரைப் பார்த்து வரவழையுங்கள். பணத்தை அவன் கையாலேயே, தவணையிலாவது, திருப்பிக் கொடுக்கட்டும். அது அவன் வகுப்புத் தோழர்களின் பணம் என்பதையும் உணரட்டும். இனிமேல் வசூலான தொகையை அன்றன்றே அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

மரியாதையைப் பற்றிக் கேட்டீர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளில், அதாவது வட்டித்தொழில் கடைகளில், மீசை அரும்பாத பையன்களைப் பெட்டியடிப் பையன்களாகப் பணப்பெட்டி அருகிலேயே உட்காரவைத்துத் தொழில் பழக்கினார்கள். கண்டிப்பும் நம்பிக்கையும் அங்கே ஒன்றாக நடந்தன. உங்கள் வகுப்பும், நீங்கள் எவ்வளவு சத்தம் போட்டீர்கள் என்பதைக் கவனிக்காது. தவறு செய்தவனிடம் நீதியாக நடந்துகொண்டீர்களா என்பதையே கவனிக்கும். கணக்குத் தீர்ந்தபின் கோபத்தில்கூட அதைக் குத்திக்காட்டாதீர்கள். சில மாதங்கள் கழித்து வகுப்பில் ஏதாவது வசூல் வந்தால், வேறொரு மாணவனுடன் சேர்த்து எண்ணும் பொறுப்பை அவனுக்கும் கொடுத்துப் பாருங்கள்.

விவரம் சொன்ன மாணவிகளிடம், நடவடிக்கை எடுத்தாயிற்று என்று மட்டும் இந்த வாரமே தெரிவித்துவிடுங்கள்.