சரக்கு வேனைக் கேம்பராக மாற்றுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சரக்கு வேனை உள்ளேயே உறங்கிச் சமைத்துப் பயணிக்கும் வண்டியாக, அதாவது கேம்பராக, மாற்றுவது குறித்து இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அலமாரி, மெத்தை, விளக்கு ஆகியவற்றைப் பற்றியவை. அவை பிடிக்காவிட்டால் பிறகும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், பலகை அடித்து மூடியபின் கை எட்டாத விஷயங்களைக் கேட்டவர்களுக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கவிருக்கிறேன். இன்ஜினை மெக்கானிக் பார்த்துவிட்டார். பாடியில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தரையைத்தான். சரக்குப் பகுதியில் விரித்திருக்கும் ரப்பர் பாயைத் தூக்கிப் பார்க்க அனுமதிக்காதவரிடம் வாங்க வேண்டாம். பின்கதவுப் படியின் ஓரம், சக்கர மேடு தரையோடு சேரும் மடிப்பு, பக்கக் கதவு நகரும் பாதையின் அடிப்பகுதி, முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம் ஆகிய இடங்களில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொடி உதிர்ந்து அடியில் தகடு கெட்டியாக இருந்தால், சுரண்டித் துத்தநாகப் பிரைமர் அடித்துச் சமாளித்துவிடலாம். தகடே அமுங்கினால் அது வெல்டிங் வேலை, அதை முடிக்காமல் உள்ளே ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.

கேள்வி: சுவருக்குள் வெள்ளிநிறக் குமிழித் தாளை ஒட்டி, அதன் மேல் பலகை அடித்திருக்கிறேன். இருந்தும் குளிர்கால விடியலில் பலகையின் அடியிலிருந்து தண்ணீர் வடிகிறது. எங்கோ ஒழுகுகிறதா?

பதில்: மழை இல்லாத நாளிலும் வடிகிறதென்றால் அது ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சுதான். இருவர் இரவு முழுவதும் உள்ளே உறங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக ஏறக்குறைய அரை லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. உள்ளே 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது, 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்த ஆவி நீராகிவிடும். குளிரிரவில் வேனின் வெளித்தகடு அதைவிட மிகவும் குளிர்ந்திருக்கும். பலகையைக் கழற்றினால், இரும்புச் சட்டங்களின் கீழ்விளிம்பில் துளிகள் வரிசையாகத் தொங்குவதையும், அவை சொட்டும் இடத்தில் தகட்டின் மடிப்பு பழுப்பேறத் தொடங்கியிருப்பதையும் காண்பீர்கள்.

பளபளக்கும் தாள் வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பக்கூடியது. ஆனால் அதற்கு முன்னால் ஓரிரு சென்டிமீட்டர் காற்றிடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். தகட்டோடு ஒட்டிப் பலகையையும் மேலே அழுத்திவிட்டால் அதனால் பெரிய பயன் ஏதுமில்லை. மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் தாளை, இடையில் காற்று புகாதபடி தகட்டின் மேல் முழுமையாக ஒட்டுவதே என் பரிந்துரை. சட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். இரும்பு அத்தகைய ஃபோமைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால், மூடாமல் விட்ட சில சட்டங்களே மீதி உழைப்பில் பெரும்பகுதியை வீணாக்கிவிடும். கேனில் வரும், பீய்ச்சினால் உப்பும் ஃபோமைக் கதவுக்குள்ளும் சட்டங்களுக்குள்ளும் நிரப்புவதை நான் ஏற்பதில்லை; அது நீர் வெளியேறும் சிறுதுளைகளை அடைத்துவிடும், சில நேரங்களில் வெளித்தகட்டையே புடைக்க வைத்துவிடும்.

எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் ஆவி வெளியேற வழி வேண்டும். கூரை விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, மறுகோடியில் தாழ்வாக ஒரு திறப்பை வைத்துக்கொண்டு உறங்குங்கள். கொஞ்சம் குளிரும், ஆனால் சுவர் காய்ந்திருக்கும்.

கேள்வி: கேஸ் வேண்டாம் என்று முடிவு செய்துள்ளேன். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றை வைத்து இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்க முடியுமா?

பதில்: அடுப்பின் திறனைக் குறைத்து வைத்துக்கொண்டால் முடியும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் 12.8 வோல்ட்டை 100ஆல் பெருக்கினால் 1280 வாட்-மணி. 1800 வாட் அடுப்பை முழுத் திறனில் ஓட்டினால், இன்வெர்ட்டரில் வீணாகும் பத்து சதவீதத்தையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இந்த அளவுள்ள பல பேட்டரிகளின் உள்ளேயுள்ள பாதுகாப்புச் சுற்று 100 ஆம்பியரைத் தாண்டியதை நெடுநேரம் அனுமதிக்காது. 1000 வாட்டில் அரை மணி நேரம் சமைத்தால் பேட்டரியில் ஏறக்குறைய 43 சதவீதம் தீர்ந்துவிடும். ஒருவேளைச் சமையலுக்கு இது போதும். மூன்று வேளையும் சமைப்பதானால் இரண்டு பேட்டரிகளும், ஓட்டத்தின்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) மின்னேற்றும் வசதியும் தேவை. பேட்டரியை ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்காமல், நடுவே, மின்னோட்டத்தை அளவோடு மட்டும் விடும் டிசி-டிசி சார்ஜர் வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரி கிடைத்த மின்னோட்டத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது குளிர்விக்கப் போதிய காற்றில்லாமல் ஆல்டர்னேட்டர் சூடேறிப் பழுதாகலாம். உறைநிலைக்குக் கீழே இந்தப் பேட்டரிக்கு மின்னேற்றக் கூடாது என்பதால், அதை வேனுக்கு உள்ளேயே வையுங்கள்.

பிரதான ஃபியூஸ் பேட்டரி முனைக்கு அருகில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸ் காப்பது ஒயரை; அதற்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

கேள்வி: பேட்டரியில் பாதிக்கு மேல் மின்சாரம் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் இரவில் நின்றுவிடுகிறது. ஃபிரிட்ஜை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் ஒயரைப் பாருங்கள். ஃபிரிட்ஜ் பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருந்தால், மின்னோட்டம் போய்வரும் நீளம் 8 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய அரை வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இன்னும் அதிகமாகக் குறையும். தன்னைச் சேரும் மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டதாகக் கருதி ஃபிரிட்ஜ் தானே நின்றுகொள்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.12 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும்.

கேள்வி: கேஸ் சிலிண்டரை அடுப்புக்குக் கீழே உள்ள அலமாரியில் வைக்கலாமா?

பதில்: அலமாரி வேனின் உட்புறத்தை நோக்கித் திறக்கும் என்றால் கூடாது. புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், சன்னலைத் திறந்து வைத்தாலும் போகாது. உட்புறத்தோடு தொடர்பில்லாத, இடுக்கு இல்லாமல் அடைத்த பெட்டியில் சிலிண்டரை வைத்து, அதன் அடித்தட்டில் தரையைத் துளைத்து வெளிக்காற்றோடு இணையும் துளையை விடுங்கள். கேஸ் கசிவு அலாரத்தைத் தரையருகிலும், கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கையில் தலை இருக்கும் உயரத்திலும் பொருத்துங்கள். குளிருக்காக அடுப்பை எரியவிட்டு உறங்குபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. அதோடு 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி உண்டாகும் என்பதால், மேலே ஒரு வாசகர் கேட்ட ஈரச் சுவருக்கும் அதுவே காரணமாகலாம்.

கேள்வி: எடை வரம்பைப் பற்றி எப்போது கவலைப்பட வேண்டும்?

பதில்: வேலை தொடங்கும் முன்பே காலி வேனை எடைமேடையில் ஏற்றி, மொத்த எடையையும் ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் வருவதே உங்கள் கையிருப்பு. அதற்குள் நீங்களும் உடன் வருபவர்களும் அடக்கம். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. எட்டடிக்கு நாலடி 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று பெரும்பாலும் 30 கிலோவைத் தாண்டும் என்பதால், பத்துப் பலகையில் 300 கிலோ போய்விடும். அலமாரிக் கதவுகளுக்கு 9 மில்லிமீட்டரே தாராளம்.

மொத்தம் வரம்புக்குள் இருந்தும் பின்னச்சு வரம்பைத் தாண்டிவிடுவதுண்டு. முன்பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் இருக்கும் வேனில், பின்னச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோவை வைத்தால், பின்னச்சு 125 கிலோ தாங்கும். முன்னச்சில் 25 கிலோ குறையும், அதாவது முன்சக்கரங்களின் பிடி தளரும். தண்ணீர்த் தொட்டியை இரு அச்சுகளுக்கு நடுவில், தரையோடு தாழ்வாக வைக்கச் சொல்வது இதனால்தான். வேலை முடிந்து, தொட்டிகளை நிரப்பியபின் மறுபடியும் எடை பாருங்கள்.

கேள்வி: பிளைவுட்டில் பின்னிருக்கை செய்து, சீட் பெல்ட்டைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கினால் குழந்தைகளை உட்காரவைக்கலாமா?

பதில்: கூடாது. மோதலில் ஒரு பெல்ட் டன் கணக்கான விசையைத் தாங்க வேண்டியிருக்கும். மெல்லிய தரைத்தகடு கிழிந்துவிடும். உங்கள் வேன் மாடலுக்கென்றே சோதித்துச் சான்றளிக்கப்பட்ட இருக்கையை, உரிய இடங்களில், பயிற்சி பெற்றவரைக் கொண்டு பொருத்துங்கள். இதில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்பதில்லை.

கேள்வி: என் உயரம் 180 சென்டிமீட்டர். குறுக்கே படுக்கை போட்டால் கால் நீட்ட முடியுமா?

பதில்: பெரிய வேன்களில் உள் அகலம் மிகுந்தது ஃபியட் டுகாட்டோ; அதிலேயே தகட்டுக்குத் தகடு ஏறக்குறைய 187 சென்டிமீட்டர்தான். இருபுறமும் ஃபோமும் பலகையுமாக மூன்று மூன்று சென்டிமீட்டர் போனால் 181 மிஞ்சும், அதில் உங்களால் நிம்மதியாகப் புரள முடியாது. தலையும் காலும் வரும் இடத்தில் மட்டும் வெளித்தகட்டைப் புடைக்கச் செய்யும் பக்கக் கூடுகளைப் பொருத்தலாம். செலவும் வெட்டும் வேலையும் அதிகம். உங்கள் உயரத்துக்கு, நீளவாக்கில் படுக்கை அமைத்து, அதன் அடியில் சாமான் வைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.