கட்டம் போட்ட சட்டையும் பாரிமுனை அலுவலகமும் – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தை மூன்று ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு வயது இருபத்தொன்பது. பாரிமுனையில் மூன்று தலைமுறையாக நடந்துவரும் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பட்டயக் கணக்காளராகப் பணியாற்றுகிறேன். எங்கள் அலுவலகத்தில் ஆடை பற்றி எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது. ஆனாலும் வெள்ளை, வெளிர்நீலம், அதிகம் போனால் மெல்லிய கோடு ஆகியவற்றைத் தாண்டி ஆண்கள் எவரும் சட்டை அணிந்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கைத்தறித் துணியின் மீது சிறு வயதிலிருந்தே ஈடுபாடு உண்டு. என் தாத்தா குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருந்தவர். சென்ற மாதம் எழும்பூர் கோ-ஆப்டெக்ஸில் சிவப்பும் கருநீலமும் கலந்த கட்டம் போட்ட துணி வாங்கிச் சட்டை தைத்து, அலுவலகத்திற்கு அணிந்து சென்றேன். மூத்த பங்குதாரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்னப்பா, லுங்கியைக் கிழிச்சு சட்டை தெச்சுட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான் சிரித்ததுதான் இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது. மதியம் அலுவலக மேலாளர் தனியாக அழைத்து, "சார் சும்மாதான் சொன்னார், இருந்தாலும் பார்த்துக்கோங்க" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் தன் ரசனையை உடையில் காட்ட நினைப்பது தவறா? பேசாமல் வெளிர்நீலத்திற்கே திரும்பிவிடுவதா, பிடிவாதமாக இதையே அணிவதா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பி.கு.: அந்தச் சட்டை முதல் சலவையிலேயே சாயம் விட்டது. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

எஸ்., சென்னை

*

அன்புள்ள எஸ்.,

பெரியவர் ஒருவர் கேலி செய்யும்போது சுற்றி இருப்பவர்களோடு சேர்ந்து நாமும் சிரித்துவிடுவது, அந்த நொடியில் உடம்பு தானாகச் செய்கிற காரியம். அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். "நிறம் கண்ணைப் பறிக்கிறது" என்றோ "இது அலுவலகத்திற்குப் பொருந்தாது" என்றோ அவர் சொல்லவில்லை. லுங்கி என்றார். அதாவது, அந்தத் துணியைப் பார்த்தவுடன் அதை வழக்கமாக உடுத்துகிறவர்கள்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள்: வாசலில் சுமை இறக்குபவர், இரவுக் காவலர், தறியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தாத்தா. கேலி உங்கள் ரசனையைப் பற்றியது என்று நீங்கள் எடுத்துக்கொண்டதால்தான், ரசனையைக் காட்டலாமா கூடாதா என்று என்னிடம் கேட்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் அது ரசனையைப் பற்றிய பேச்சே அல்ல. எந்தத் துணி யாருக்கு உரியது என்ற பழைய கணக்கு.

அந்தக் கணக்கு போடப்பட்ட இடத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரையில் இடம் பிடித்ததற்கு, இந்தப் பக்கத்தில் நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். உங்கள் அலுவலகத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் சிந்தாதிரிப்பேட்டை, 1734-இல் நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்கென்றே உருவாக்கப்பட்டது. சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படி மருவியது என்பார்கள். இங்கிருந்து போன கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் அத்தனை மதிப்புப் பெற்றது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இன்றும் அதைப் பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் போற்றி வைத்துப் பயன்படுத்துகிறார்கள். துணியால் எழுந்த ஊரில், துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் ஓர் அலுவலகத்தில், 'மெட்ராஸ்' என்று அந்த ஊரின் பெயரையே தாங்கிய துணி கேலிக்கு ஆளாகியிருக்கிறது.

அதே துணி கடல் தாண்டிப் போய் என்னவாயிற்று என்பது உங்கள் பின்குறிப்புக்கும் தொடர்புடைய கதை. 1958-இல் மும்பையிலிருந்து ஏற்றுமதி செய்துகொண்டிருந்த கிருஷ்ணன் நாயர் (பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவியவர்) வழியாக ஆயிரக்கணக்கான கஜம் மெட்ராஸ் கட்டத்துணி அமெரிக்காவுக்குப் போனது. குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்ற குறிப்பு வாங்கியவர்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை. புகழ்பெற்ற ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் அதை உடையாக வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் போட, நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஓடி வழக்குப் போடும் அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. கடைசியில் அந்தக் குறையையே சிறப்பாக்கி, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். பெரிய பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் கோடையில் அதைக் கோட்டாகத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். அங்கே வசதியின் அடையாளமாக இருந்தது இங்கே கைலியாகவே நின்றுவிட்டது என்றால், அந்த வேறுபாடு துணியில் இல்லை.

இதையெல்லாம் அச்சடித்து உங்கள் பங்குதாரரின் மேசையில் வைத்துவிடாதீர்கள். சட்டத்தையும் துணைக்கு அழைக்க வேண்டாம். வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் 2014-இல் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்க மன்றத்தின் வாசலில் நிறுத்தப்பட்ட பிறகு, அத்தகைய தடையை நீக்கத் தமிழக அரசு அந்த ஆண்டே ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அது மன்றங்கள் போன்ற பொது இடங்களின் வாசலைப் பற்றியது, உங்கள் நாற்காலியைப் பற்றியது அன்று. தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-இல் வந்த அரசாணைகூட ஆண்களுக்குச் சட்டையும் முறையான கால்சட்டையும் அல்லது வேட்டியும் என்றுதான் சொன்னதே ஒழிய, சட்டையில் கட்டம் இருக்கலாமா என்று ஆராயவில்லை. எழுதாத விதி இருக்கும் இடத்தில் எழுதிய விதியைக் காட்டி வெல்ல முடியாது என்பதை வங்கியில் முப்பது ஆண்டுகள் இருந்து தெரிந்துகொண்டேன்.

பங்குதாரரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. தணிக்கைக்குப் போகிறவன் பிறர் அலுவலகத்தில், பிறர் மேசையில், அவர்களுடைய தவறுகளைத் தேடி உட்கார்ந்திருப்பவன். அங்கே கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் முதல் நாளே அவனை ஒரு கண் வைத்திருப்பார்கள். அவன் சட்டையைப் பற்றியும் அவர்கள் பேசும்படி ஆகக் கூடாது என்று ஒரு மூத்தவர் நினைத்தால், அதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட மாட்டேன். ஆகவே வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் நாளில் வெளிர்நீலமே இருக்கட்டும். அதில் தோல்வி எதுவும் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். 1986-இல், வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், ஒரு திங்கட்கிழமை நான் சுடிதார் அணிந்து கிளைக்குப் போனேன். துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி, எவரும் ஒரு குறை சொல்ல முடியாதபடிதான் போயிருந்தேன். மேலாளர் என்னை எதிரில் நிற்க வைத்து, "வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மறுநாள் புடவைக்குத் திரும்பிய நான் அதன்பின் பதினோரு ஆண்டுகள் வேறெதுவும் அணிந்து போகவில்லை. 1997-இல் வெளியூர்களிலிருந்து மாற்றலாகி ஒரே வாரத்தில் வந்து சேர்ந்த பெண்கள் மூவரும் சுடிதாரிலேயே வந்தார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. அந்த வாடிக்கையாளர்கள் எதையும் நினைத்ததாகவும் தெரியவில்லை. ஒருத்தியாகப் போனபோது நான் விதிமீறலாகத் தெரிந்தேன். மூவர் வந்தபோது அது வழக்கமாகிவிட்டது. உங்கள் அலுவலகத்திலும் வெளிர்நீலத்தில் சலித்துப்போனவர்கள் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். பெண்களையும் கேளுங்கள். ஆண்களின் உடைக்குக் கேலி வருகிறது, பெண்களின் உடைக்கு மேலாளரின் அழைப்பு வருகிறது. அவர்களுக்கு என்னென்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்டால், "பார்த்துக்கோங்க" என்பது எத்தனை மென்மையான எச்சரிக்கை என்று உங்களுக்குத் தோன்றும்.

அந்தக் கிளையிலேயே ஆடையில் தனித்தன்மை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் ஒருவர் இருந்தார், எங்கள் தலைமைக் காசாளர். தினமும் வெள்ளைக் கதர் அரைக்கைச் சட்டை. தூரத்தில் பார்த்தால் ஊரில் உள்ள ஆயிரம் காசாளர்களில் ஒருவர். அவர் நோட்டுக்கட்டுகளை எண்ணும்போது எதிரில் நின்றிருந்த ஒரு நாளில்தான் பொத்தான்களைப் பார்த்தேன். தேங்காய்க் கொட்டாங்குச்சியில் செய்தவை. ஒவ்வொன்றிலும் நரம்பு போல வெளிர்ந்த கோடு ஓடியது. நான்கு துளைகளுக்குள்ளும் அரக்கு நிற நூல் பெருக்கல் குறியாகப் போடப்பட்டிருந்தது. சட்டை நைந்துபோனால் பொத்தான்களை வெட்டி எடுத்துப் புதுச் சட்டைக்குத் தைத்துக்கொள்வாராம். ஒரே ஒரு தடவை ஒரு பொத்தான் உடைந்துபோக, அந்த இடத்தில் சாதாரண வெள்ளைப் பொத்தானோடு வந்தார். அன்று கிளையில் அத்தனை பேரும் "என்ன சார், பொத்தான் எங்கே?" என்று விசாரித்தார்கள். எல்லோரும் எத்தனையோ வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். மேலாளருக்கும் அது தெரியும். ஒரு சொல் சொன்னதில்லை.

உங்களுக்குப் பொத்தானோடு நின்றுவிடச் சொல்லவில்லை. கட்டத்தை விடாதீர்கள், ஆனால் தையலைப் பாருங்கள். உங்கள் சட்டையை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே ஒன்று கேட்கிறேன், சட்டைப்பையின் கட்டமும் மார்பின் கட்டமும் ஒன்றோடொன்று சேர்கின்றனவா? பொத்தான் பட்டியில் இடமும் வலமும் கோடு நேராகப் போகிறதா? பெரும்பாலான தையற்காரர்கள் துணி மிச்சமாகட்டும் என்று கட்டத்தைச் சேர்க்காமல் வெட்டிவிடுகிறார்கள். அப்போதுதான் அது கிழித்த லுங்கியாகத் தெரிகிறது. கால் மீட்டர் கூடுதலாக வாங்கிக் கொடுத்து, கட்டம் சேர வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காலருக்குக் கேன்வாஸ் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய கட்டமாக, ஒரே நிறத்தின் இரண்டு அடர்த்தியில் எடுங்கள். சிவப்பும் கருநீலமும் மூன்றாவது சட்டைக்கு இருக்கட்டும். பிறகு வாரத்தில் ஒரு நாள், ஒரே கிழமையில், தவறாமல் அணிந்து போங்கள். முதல் மாதம் பேசுவார்கள். மூன்றாவது மாதம் அந்தக் கிழமையில் நீங்கள் வெள்ளையில் போனால் ஏன் என்று கேட்பார்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் பெரியவரிடம், எல்லோரும் இருக்கும்போது பதிலடியாக அல்லாமல், நாலு மணிக் காப்பி நேரத்தில் அவர் தனியாக இருக்கையில், "எங்க தாத்தா குடியாத்தத்துல லுங்கி நெஞ்சவர் சார்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குமேல் விளக்க வேண்டாம். உங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் என்கிறீர்கள். மீதியை அவர் புரிந்துகொள்வார் என்றே நினைக்கிறேன். புரிந்துகொள்ளாவிட்டாலும், நீங்கள் சிரித்ததைப் பற்றிய உறுத்தல் குறைந்துவிடும்.

சாயத்துக்கு வருகிறேன். அடர் சிவப்பில் இழையில் ஒட்டாமல் மேலாக நின்ற மிச்சச் சாயம் முதல் இரண்டு மூன்று அலசலில் வெளியேறும், அது இயல்பு. சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், தனியாக, ஊறவைக்காமல் உடனே அலசி நிழலில் உலர்த்துங்கள். நான்காவது தடவையும் தண்ணீர் சிவந்தால் சாயம் சரியாக ஏற்றப்படவில்லை என்று பொருள். ரசீதோடு கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். அதுவரை தப்பித்தவறிக்கூட அந்தச் சட்டையை உங்கள் வெள்ளைச் சட்டைகளோடு ஒரே வாளியில் போட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளரிடம் போகும் நாளில் இளஞ்சிவப்புச் சட்டையில் போய் நின்றால், உங்கள் பெரியவர் என்ன சொல்வார் என்று எனக்கு யூகிக்கக்கூடத் தெரியவில்லை.

அன்புடன்.