வெயில் அடிச்சா பனில நடக்கலாமா? ஒரு பாளையங்கோட்டை தம்பிக்கு பதில்

பிப்ரவரில நாலு பேரா மணாலி போறாங்களாம், சோலாங் தாண்டி துந்தி வழியா பியாஸ் குண்ட் ஏரி பக்கம் கைடு இல்லாம நடக்கணுமாம். போனக்காடு வழியா பொதிகை ஏறி வந்த தைரியம். தம்பி கேக்கது இதான்: "வானம் தெளிஞ்ச நாளா பாத்து, கால் புதையாத கெட்டி பனி மேல போனா பனிச்சரிவு பயம் இல்லதானே அண்ணாச்சி?"

ரெண்டுமே தப்பு தம்பி. நான் பட்டாளத்துல மூணு குளிர்காலம் பனில கிடந்தவன், அந்த கெட்டிப் பனியத்தான் அதிகமா பயந்திருக்கேன்.

ஏன்னு சொல்லுதேன். நவம்பர் டிசம்பர்ல கொஞ்சமாத்தான் பனி விழும், தரை கதகதப்பா இருக்கும், மேல காத்து மைனஸ்ல நிக்கும், அந்த வித்தியாசத்துல அடிப்பனில இருந்து ஆவி மேல ஏறி ஏறி துகள் எல்லாம் பெரிய குருணையா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஆயிரும், கையில அள்ளுனா அசல் சீனி மாதிரி உதிரும். அதுக்கு மேல ஜனவரி பிப்ரவரில கனமா பெய்யும், காத்து வேற அடிச்சு அமுக்கி பலகையாக்கிரும். வீட்ல தட்டுல சீனியப் பரப்பி மேல ஒரு அட்டைய வச்சு தட்ட சாய்ச்சுப் பாரு, அவ்வளவுதான் விசயம். நீ மேல நடக்க, கால் புதையல, ஜோராத்தான் இருக்கு, எங்கயோ பலகை மெலிசா இருக்க இடத்துல உன் வெயிட்டு கீழ சீனி வரைக்கும் எறங்குச்சுன்னா மொத்த சரிவும் கண்ணாடி மாதிரி கீறி ஒண்ணா கிளம்பிரும். பலகைச் சரிவுல சாகுறவங்கள்ல முக்காவாசி பேரு அவங்க காலாலயே, இல்ல கூட வந்தவங்க காலாலயே கிளப்பி விட்டவங்கதான்.

நடக்கயில காலுக்கடியில 'டொம்'முனு பொள்ளலா ஒரு சத்தம் வந்தாலோ, காலடில இருந்து விரிசல் ஓடுனாலோ, போட்டோ எடுக்காத, வந்த வழியே திரும்பு.

வெயிலு? பனி பெஞ்சு ஓஞ்ச மறுநாள்தான் வானம் பளிச்சுனு இருக்கும், எல்லாவனும் கிளம்புவான், அன்னைக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. ஒரே நாள்ல ஒரு அடி பெஞ்சிருந்தா ரெண்டு நாளாவது ரூம்ல கிட. அடில சீனி இருந்தா ரெண்டு நாளும் பத்தாது, வாரக்கணக்குல அப்படியே கிடக்கும் சவம். மத்தியானத்துக்கு மேல வெயில்ல நனைஞ்ச பனி தனியா சரியும், அதனால வெள்ளன போய் வெள்ளன திரும்பிரணும்.

சரிவு எவ்வளவுன்னு பாக்கணும்ல, வீடு கட்ட கொட்டி வச்ச காஞ்ச மணல் குவியல் இருக்கே (இப்ப எங்க ஆத்து மணல், எல்லாம் எம்சாண்டு), அந்த சாய்மானத்துல இருந்து 45 டிகிரி வரைக்கும் உள்ள சரிவுதான் பெரும்பாலும் கிளம்பும். 30க்கு கீழ ரொம்ப கம்மி. கம்ப பனி மேல கிடத்தி அது மேல செல்போன வச்சா டிகிரி காட்டும். ஆனா நீ நிக்கது சமதளம்னு சும்மா இருந்துறாத, மேல என்ன இருக்குனு பாரு. குத்தாலத்துல கீழ வெயில் அடிக்கும், மலை மேல பெஞ்ச மழை அருவில வந்து அடிக்கும்லா, அதே கதைதான்.

ராணுவ ஆராய்ச்சி பண்ணுத டிஆர்டிஓவோட டிஜிஆர்இங்கிற ஆபீஸ் பனிச்சரிவு எச்சரிக்கை போடுது, முன்ன மணாலில சாசேன்னு இருந்த ஆபீஸ்தான். கிளம்புத அன்னைக்கு காலைல அத பாத்துட்டு உள்ளூர் ஆள்ட்டயும் கேளு. நாலு பேர்ட்டயும் டிரான்ஸீவர் (புதைஞ்சவன் எங்கன்னு சிக்னல் காட்டுத கருவி), புரோப் (பனிக்குள்ள குத்திப் பாக்குத நீளக் கம்பி), மண்வெட்டி இல்லாம அந்தப் பக்கமே போகாத. புதைஞ்சவன 15 நிமிசத்துக்குள்ள எடுத்தாதான் பெரும்பாலும் உசுரு, சரிஞ்சு வந்து நின்ன பனி சிமெண்டா இறுகிரும், கீழ இருந்து ஆள் வாரதுக்குள்ள முடிஞ்சிரும். 2016ல சியாச்சின்ல பனிச்சரிவுல சிக்கி நம்ம மெட்ராஸ் ரெஜிமெண்ட் 19வது பட்டாளத்துக்காரங்க 10 பேரு உசுர விட்டாங்க, அவங்கல்லாம் டிரெயினிங் எடுத்தவங்க.

டிக்கெட் போட்டாச்சுன்னா கேன்சல் பண்ண வேண்டாம். சோலாங்லயே மேல சரிவு இல்லாத சமதளமா பாத்து நடங்க. பியாஸ் குண்ட ஜூன்ல பாத்துக்கலாம்.