மானும் சூரையும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நடுக்கடலைக் காட்டோடு ஒப்பிட்டு நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். காட்டில் மரம் இருக்கிறது, புதர் இருக்கிறது, ஒவ்வோர் உயிருக்கும் ஓர் இடம் இருக்கிறது. கரையும் தரையும் எட்டாத நீர்வெளியில் அப்படி எதுவுமில்லை. அங்கே உணவுவலை என்ற ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? இயற்கை ஒரு சமநிலையை முன்பே வகுத்து வைத்திருக்கிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காட்டு உவமை என் பிழை. எழுதும்போது அழகாகத்தான் இருந்தது.

எந்த மானும் வளர்ந்து புலியாவதில்லை. நடுக்கடலில் ஏறக்குறைய மான் புலியாவதுதான் நடக்கிறது. நீலத்துடுப்புச் சூரையின் முட்டை சுமார் ஒரு மில்லிமீட்டர்; வளர்ந்த மீன் மூன்று மீட்டர் வரை நீளும். பொரித்த குஞ்சு துடுப்புக்காலிகள் (copepods) போன்ற, இறாலுக்கு உறவான மிகச்சிறு உயிர்களைத் தின்று, ஜெல்லிமீன்களுக்குத் தப்பிப் பிழைக்கிறது. சில வாரங்களுக்குள் பிற மீன்குஞ்சுகளைத் தின்னத் தொடங்குகிறது. அவற்றில் தன் இனத்துக் குஞ்சுகளும் உண்டு. இந்த இனம் அந்த இனத்தைத் தின்னும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் பாடநூல் படம் இங்கே பாதிதான் உண்மை. யார் யாருக்கு இரை என்பதைப் பெரும்பாலும் வாயின் அகலம் தீர்மானிக்கிறது. (இறால் போன்ற சின்னஞ்சிறு கிரில்லை வடிகட்டித் தின்னும் திமிங்கிலம் இந்தக் கணக்குக்கு அடங்காது. அது எந்தக் கணக்குக்குத்தான் அடங்கியது!)

உணவுவலையின் அடிமட்டத்துக்கு வருவோம். சத்துக் குறைந்த நீரில் சிறிய உடலே லாபம். உடல் சிறுக்கச் சிறுக்கப் பருமனுக்கு ஏற்ற மேற்பரப்பு கூடும்; அரிதான சத்தை அந்தப் பரப்பின் வழியேதான் உறிஞ்ச முடியும். 1988இல் சாலி சிஸ்ஹோம் குழுவினர் அறிவித்த, வெயிலில் உணவு சமைக்கும் பாக்டீரியாவான புரோகுளோரோகாக்கஸ் இப்படிப்பட்டது. ஆயிரத்தை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டர் தேறாது. இத்தனை சிறியதைத் துடுப்புக்காலியால் பிடிக்க முடியாது. ஒற்றைச்செல் உயிர்கள் அதைத் தின்ன வேண்டும், அவற்றை இன்னொன்று தின்ன வேண்டும். ஒவ்வொரு படியிலும் உணவின் பெரும்பகுதி மூச்சிலும் கழிவிலும் போய்விடுவதால், மீன்வரை வந்து சேர்வது சொற்பம். ஆழத்துக் குளிர்நீர் சத்தோடு மேலே வரும் இடங்களில் கதை வேறு. அங்கே பருத்த, சிலிக்கா ஓடுள்ள டயட்டம்கள் என்ற ஒற்றைச்செல் பாசிகள் பெருகும். அவற்றைத் துடுப்புக்காலி நேரடியாகத் தின்னும், சிறு மீன்கள் டயட்டத்தையே வடிகட்டித் தின்பதும் உண்டு. படிகள் குறைவதால் மீன் கொழிக்கிறது. ஒரு செல்லின் பருமன், எத்தனையோ படி தள்ளியிருக்கும் மீனின் எண்ணிக்கையை முடிவு செய்துவிடுகிறது.

இதிலிருந்து எழும் ஒழுங்கு வியப்பானது. பாக்டீரியாவிலிருந்து திமிங்கிலம் வரை, உடல் எடையைப் பத்துப் பத்து மடங்காக (ஒன்று முதல் பத்து கிராம், பத்து முதல் நூறு கிராம் என்று) பிரித்தால் ஒவ்வொரு பிரிவின் மொத்த எடையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் என்று ஷெல்டன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1972இல் முன்வைத்தார்கள். யாரும் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. ஒவ்வோர் உடலும் தன் பசியையும் வளர்ச்சியையும் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். பெரிய உடல்களின் பக்கத்தை மீன்பிடிப்பும் திமிங்கில வேட்டையும் இதற்குள் வெகுவாகக் கரைத்துவிட்டன.

சமநிலை பற்றிக் கேட்டீர்கள். அது முன்பே வகுத்து வைத்தது என்று சொல்ல முடியாது. வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் காட் மீன் ஸ்ப்ராட் என்ற சிறு மீனைத் தின்கிறது. ஸ்ப்ராட் காட் மீனின் முட்டைகளைத் தின்கிறது. மனிதர்கள் காட் மீனை அளவுக்கு மீறிப் பிடித்ததும் ஸ்ப்ராட் பெருகியது, முட்டைகளுக்கு ஆபத்தும் கூடியது.