வாசல் வரை எட்டாத வைஃபை: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

வாசல் கேமரா, காலிங்பெல் கேமரா, தோப்புக் கேமரா என்று வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "ஆஃப்லைன் என்று காட்டுகிறது." அவற்றில் ஆறுக்கு இந்த இதழில் பதில்.

ஹாலில் டிவிக்குப் பின்னால் ரூட்டர். கேட் தூணில் கேமரா. இடைவெளி 14 மீட்டர்தான். போனைக் கேட் அருகே கொண்டுபோனால் மூன்று கோடு காட்டுகிறது. கேமரா மட்டும் நாளுக்கு நாலு முறை துண்டிக்கிறது. இன்டர்நெட் பிளானை 100-லிருந்து 300 எம்பிபிஎஸ் ஆக்கினால் சரியாகுமா?
- திருச்சி வாசகர்

ஆகாது, அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். 1080பி கேமரா ஒன்று அனுப்பும் படத்துக்கு 2 எம்பிபிஎஸ் அளவே போதும், 4 மெகாபிக்சல் கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் வரை. உங்கள் பழைய பிளானே அதற்குத் தாராளம். சிக்கல் ரூட்டருக்கும் கேட்டுக்கும் நடுவில் இருக்கிறது.

போனில் தெரியும் கோடு, ரூட்டரின் குரல் போனுக்கு எட்டுகிறது என்பதற்கு அடையாளம். கேமராவுக்கோ எதிர்த்திசையில் வேலை: அது பேச வேண்டும், ரூட்டருக்குக் கேட்க வேண்டும். கேமராவுக்குள் இருப்பது விரல் நீள ஆன்டெனா, ரூட்டரைவிடக் குறைந்த சக்தி. அதனால் கோட்டை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் இலவச வைஃபை அனலைசர் செயலி ஏதாவது ஒன்று போதும். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டியைப் போட்டு, போனின் செட்டிங்ஸுக்குள் அந்தச் செயலியின் பக்கத்தில் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும். கேட்டையும் ஹால் கதவையும் சாத்திவிட்டு, கேமரா இருக்கும் அதே உயரத்தில் போனை ஒரு நிமிடம் பிடியுங்கள். எண் மைனஸில் வரும். -60 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) அல்லது அதைவிட மேல், அதாவது பூஜ்யத்துக்கு நெருக்கம், என்றால் கவலை இல்லை. -67 வரை வீடியோ ஓடும். -70-க்கும் கீழே போனால் மழை நாளில் தகராறு. -80-இல் கேமரா இணைந்திருப்பதே அதிசயம். இந்தக் கணக்கில் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது என்பதை நினைவில் வையுங்கள். -65-க்கும் -75-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

இனி இடம் மாற்றம். பைசா செலவில்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். டிவிக்குள் உலோகத் தகடுகள் இருக்கும். பக்கத்துச் சுவரில் இரும்பு பீரோவோ பிரிட்ஜோ இருந்தால் அது இன்னொரு தடுப்பு. 9 அங்குலச் செங்கல் சுவர் ஓரளவு வழிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தூணும் தளமும் விடாது. முகப்பில் ஏசிபி ஷீட் ஒட்டியிருந்தால் அது அலுமினியத் தகடு என்பதையும் மறக்காதீர்கள். வெயில் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் அப்படியே. ரூட்டரை வாசல் பக்கத்து ஜன்னலை ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். ஆன்டெனாக்கள் செங்குத்தாக நிற்கட்டும்; அப்போதுதான் அலை பக்கவாட்டில் பரவும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

பைபர் வயரை இழுத்து நகர்த்தாதீர்கள். கூர்மையாக மடிந்தால் உள்ளே இழை முறியும். நீளமான பேட்ச் கார்டு (இரு முனையிலும் பிளக் உள்ள பைபர் வயர்) வாங்கினால் முனையின் நிறத்தைப் பாருங்கள்: பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். மாற்றிச் செருகினால் இணைப்பே கெடும்.

பிறகு ரூட்டரின் செட்டிங்ஸ். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்து வேறு வேறு பெயர் வையுங்கள். வெளிப்புறக் கேமராக்களில் பெரும்பாலானவைக்கு 2.4 மட்டுமே தெரியும். சுவரைத் துளைப்பதிலும் அதுவே மேல். 2.4-இல் சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கத்தார் குறைவாக இருக்கும் ஒன்றில் நிறுத்துங்கள். ரூட்டர் தானாகச் சேனல் மாற்றும்போதெல்லாம் சில கேமராக்கள் வழி தவறிவிடும். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்தால் பக்கத்து வீட்டு இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2. டபிள்யூபிஏ3 இருந்தால் பழைய கேமராக்கள் சில இணையவே இணையாது.

கடைசியாக, கேமரா கேட்டின் இரும்புச் சட்டத்தோடு ஒட்டியிருக்கிறதா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். ஒரு சாண் தள்ளி மாட்டினாலே சில இடங்களில் 5, 6 டிபி கூடும். ஆணி அடிக்கும் முன் கையில் பிடித்தே நாலு இடத்தில் பார்த்துவிடுங்கள்.

போர்ட்டிகோவில் கேமராவுக்குப் பக்கத்திலேயே எக்ஸ்டெண்டர் மாட்டினேன். கேமரா செயலியில் முழுக் கோடு. ஆனால் படம் உறைந்து உறைந்து வருகிறது.
- மதுரை வாசகர்

தாகமாக இருப்பவர் பக்கத்தில் காலிக் குடத்தை வைத்ததுபோல் ஆகிவிட்டது. எக்ஸ்டெண்டர் தனக்குக் கிடைத்ததைத்தான் திருப்பிச் சொல்லும். சிக்னல் ஏற்கெனவே நொந்துபோன இடத்தில் வைத்தால் நொந்ததையே உரக்கச் சொல்லும். ரூட்டரிலிருந்து வரும் அளவு -60 முதல் -65 வரை இருக்கும் இடம் அதற்குச் சரி. பெரும்பாலும் அது வாசல் அறை ஜன்னலோரம். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் மலிவு வகைகள் வேகத்தைப் பாதியாக்கும். ஒரு கேமராவுக்கு அது பரவாயில்லை, மூன்றுக்கு இழுக்கும்.

அதைவிட நல்ல வழி ஒன்று. பரணில் கிடக்கும் பழைய ரூட்டர் இருந்தால் அதையே 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு (வயரில் வருவதை வைஃபையாகப் பரப்பும் முறை) மாற்றி, ஹாலிலிருந்து வாசல் அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து இணையுங்கள். அந்த முறை இல்லாத பழசு என்றால் அதன் டிஎச்சிபி-யை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) நிறுத்தி, முகவரியை ஹால் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, வயரை லேன் துளையில் செருகுங்கள், இன்டர்நெட் வயருக்கான வான் (WAN) துளையில் அல்ல. வயர் வழியாக வருவதால் வேகம் குறையாது.

இன்னொன்று: அந்தப் பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? கரண்ட் போனதும் வாசல் கேமராவும் கண் மூடினால், திருடனுக்கு நாமே தேதி குறித்துக் கொடுத்ததுபோல. ஹால் ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கியவர்கள் எக்ஸ்டெண்டரை மறந்துவிடுகிறார்கள்.

பகலெல்லாம் கேமரா ஒழுங்காக இருக்கிறது. இருட்டினதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டித்துத் திரும்ப வருகிறது. சிக்னல் -62. ரூட்டரையே மாற்றிப் பார்த்தாயிற்று.
- நாகர்கோவில் வாசகர்

ரூட்டர் பாவம், அதன்மேல் குற்றமில்லை. இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன. கரண்ட் இழுப்பு கூடுகிறது. அடாப்டர் வீட்டுக்குள்ளும் கேமரா காம்பவுண்டிலும் இருந்தால் நடுவே ஓடும் மெல்லிய வயர் வோல்டேஜைத் தின்றுவிடும்.

கணக்கு எளிது. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 20 மீட்டர் ஓடினால், போக வர 40 மீட்டர். மின்தடை சுமார் 1.4 ஓம். 1 ஆம்பியர் இழுக்கும்போது 1.4 வோல்ட் காலி. 12 வோல்ட் 10.6 ஆகிவிடும். அந்த அளவில் பல கேமராக்கள் தாமாக அணைந்து மறுபடி எழும். செயலியில் அது வைஃபை துண்டிப்பாகத் தெரியும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். யூஎஸ்பி முனையுள்ள 5 வோல்ட் கேமராக்களுக்கு இந்த நோய் இன்னும் கடுமை. அவற்றின் வயரை நீட்டவே கூடாது. 230 வோல்ட்டைக் கேமரா அருகே கொண்டுபோய், மழை புகாத பெட்டிக்குள் அடாப்டரை வைக்கச் சொல்லுங்கள். இது எலெக்ட்ரீஷியன் வேலை.

உறுதி செய்ய: இரவில் கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் செயலியில் இரவுப் பார்வையை ஒரு நாள் அணைத்து வையுங்கள். துண்டிப்பு நின்றால் நோய் வயரில். நிற்காமல், நள்ளிரவுக்குப் பின் மட்டும் சரியானால், மாலையில் தெருவே வைஃபையில் இருப்பதால் வரும் நெரிசல், சேனலை மாற்றுங்கள்.

எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்கட்டில் ரூட்டர், பின்வாசல் கேமராவுக்கு எதுவுமே எட்டவில்லை. மெஷ் வாங்கலாமா?
- காரைக்குடி வாசகர்

மெஷ் என்பது வீட்டில் பரப்பி வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் பல பெட்டிகள். வயர் இழுக்காவிட்டால் அவையும் ஒன்றுக்கொன்று காற்றில்தான் பேசுகின்றன. உங்கள் வீட்டுச் சுவர்களின் கனத்துக்கு மூன்று பெட்டி வாங்கினாலும் சுவருக்குச் சுவர் தேய்ந்துதான் போகும். திறந்த முற்றங்கள் ஒரே கோட்டில் இருந்தால் அவற்றைப் பயன்படுத்தலாம்: ஒவ்வொரு பெட்டியும் முற்றத்தை நோக்கிய தாழ்வாரத்தில், அடுத்ததைக் கண்ணால் பார்க்கும்படி. அறைக்குள் வைத்தால் வீண்.

உங்களுக்கு என் பரிந்துரை வயர்தான். கேட்-6 (Cat 6) லேன் கேபிள் ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரை போகலாம். சுவரைத் துளைக்க மனம் வராது, தேவையும் இல்லை. கூரைச் சரிவின் அடியில் மர விட்டத்தை ஒட்டிக் கொண்டுபோகலாம். கேமராவே பிஓஇ (லேன் கேபிளிலேயே மின்சாரம் பெறும்) வகையாக இருந்தால் மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும். அங்கே வைஃபை என்ற பேச்சே இல்லை.

கேபிள் வாங்கும்போது உள்ளிழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சிட்ட அலுமினியம், பிஓஇ-க்கு ஆகாது. நீளம் கூடினால் மின்சாரம் போதாது, முனைகளில் சீக்கிரம் முறியும். வெயில் படும் இடத்தில் கறுப்பு உறையுள்ள வெளிப்புற வகை வேண்டும். கேமராவுக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு வளையமாகக் கீழே தொங்கி மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே இறங்காது.

தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் காப்பர் கேபிள் திருட்டு. வீட்டிலிருந்து 200 மீட்டர். அங்கே கேமரா வைக்க முடியுமா?
- பொள்ளாச்சி வாசகர்

முடியும். ரூட்டரோ எக்ஸ்டெண்டரோ அல்ல, வெளிப்புற 'சிபிஇ' ஜோடி வாங்குங்கள். இரண்டு தட்டு ஆன்டெனாக்கள். ஒன்று வீட்டில், மற்றது மோட்டார் ரூமில், முகம் பார்த்து நிற்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வகை நல்லது. திறந்த வெளியில் 200 மீட்டர் அதற்கு விளையாட்டு.

தோப்புதான் தந்திரம் கேட்கும். அலை நூல் பிடித்த கோடாகப் போவதில்லை. 200 மீட்டரின் நடுவில் அதைச் சுற்றி 1.6 மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும். அதில் பாதிக்கு மேல் அடைபட்டால் இணைப்பு தள்ளாடும். தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்டு நட்டிருந்தால் வரிசைகளுக்கு நடுவே இயற்கையாகவே ஒரு சந்து கிடைக்கிறது. ஓலைக்குக் கீழே, ஊடுபயிராகக் கோகோவோ வாழையோ இருந்தால் அவற்றின் தலைக்கு மேலே, அந்தச் சந்தின் நேர்கோட்டில் இரண்டையும் நிறுத்துங்கள். வீடு அந்தக் கோட்டில் இல்லையென்றால் வரிசையின் முனையில் ஒரு கம்பம் நட்டு, வீட்டிலிருந்து அதுவரை லேன் கேபிள் இழுக்கலாம். இரண்டு முனையும் ஒன்றையொன்று -50 முதல் -60 வரை கேட்கும் வரை மெல்லத் திருப்பி இறுக்குங்கள். ஈர ஓலை குறுக்கே தொங்கினால் மழைக்காலத்தில் 10 டிபி போய்விடும். வருடம் இருமுறை வெட்டிவிட வேண்டும்.

மோட்டார் ரூமில் நாள் முழுக்க மின்சாரம் இருக்காது. சிபிஇ, கேமரா இரண்டும் சேர்ந்து 15 வாட் என்றால் ஒரு நாளைக்கு 360 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் 150 வாட் சோலார் பலகையும் வேண்டும். மேகமூட்டமான நாட்கள் அதிகமென்றால் 200 வாட். சிபிஇ-யுடன் வரும் மின் பெட்டி பல மாடல்களில் 24 வோல்ட்டை எப்போதும் கேபிளில் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் கேபிளை வேறு சாதனத்தில் மாற்றிச் செருகினால் புகைதான் வரும். முனையில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள்.

வீட்டிலிருந்து மோட்டார் ரூம் வரை செம்பு லேன் கேபிளையே புதைக்கும் எண்ணம் வேண்டாம். 100 மீட்டர் வரம்பு ஒருபுறம். பக்கத்தில் இடி விழுந்தால் இரு முனையிலும் இருப்பதெல்லாம் போகும். வயர்தான் வேண்டுமென்றால் பைபர். சிபிஇ கம்பத்துக்கும் தனி எர்த் அவசியம்.

சோலார் பேட்டரி கேமராவுக்கு 3 மாதம் சார்ஜ் நிற்கும் என்றார்கள், 3 வாரம்கூட வரவில்லை. பெரிய ஆன்டெனா வாங்கி ரூட்டரில் மாட்டினால் பேட்டரி நிற்குமா? ரூட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாள் வைக்கச் சொல்கிறார்களே?
- சேலம் வாசகர்

சந்தேகம் சரியான இடத்தில்தான் பிறந்திருக்கிறது. சிக்னல் மெலிந்தால் கேமரா மெதுவான வேகத்தில், திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது. பத்து நொடிப் படத்தை ஏற்ற ரேடியோ ஒரு நிமிடம் விழித்திருக்கும். -65-க்கு மேல் கொண்டுவந்தால் பேட்டரி நாட்கள் கண்கூடாகக் கூடும். அசைவுப் பகுதியில் தெருவை மறைத்து, கேட்டை மட்டும் விடுங்கள். இல்லாவிட்டால் போகிற ஒவ்வொரு பைக்குக்கும் அது எழுந்திருக்கும். சோலார் பலகையின் தூசியைத் துடைக்க ஈரத்துணி போதும்.

ஆன்டெனா: ரூட்டரில் கழற்றும் வகை இருந்தால் மட்டும் மாற்றலாம். அதிக டிபிஐ (ஆன்டெனா அலையைக் குவிக்கும் அளவு) என்றால் பக்கவாட்டில் தூரம் போகும், மேலும் கீழும் குறையும். கேமரா மொட்டை மாடியில் இருந்தால் நஷ்டம். நீட்டிப்பு வயர் போட்டு ஆன்டெனாவை வெளியே கொண்டுபோகாதீர்கள். ஆர்ஜி-58 வகை ஆன்டெனா வயரில் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிபி வீதம் கரையும், 10 மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

அலுமினியத் தாள் ஒரு பக்கத்தை மறைத்து மறுபக்கம் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மை. உள்ளறையில் படிக்கும் பிள்ளைக்கு இணைப்பு போய்விட்டதென்று சண்டை வரும் என்பதும் உண்மை. இட்லித் தட்டில் விரிக்க வைத்துக்கொள்ளுங்கள். எது செய்தாலும், கேமராவில் ஒரு மெமரி கார்டு போட்டுவிடுங்கள். சிசிடிவிக்கென்றே வரும் 'ஹை என்டியூரன்ஸ்' வகை. வைஃபை போன நேரத்திலும் பெரும்பாலான மாடல்கள் கார்டில் பதிவு செய்துகொண்டிருக்கும். உங்கள் மாடல் செய்கிறதா என்று ரூட்டரைப் பத்து நிமிடம் அணைத்து, கேமரா முன் நடந்துவிட்டு, பிறகு கார்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.